முதுகுக்குப் பின்னால் குறட்டை

அன்று ராத்திரி பாஸ்கல் குறட்டை விடவில்லை. ஆனாலும் அவன் குறட்டை அவனுக்குக் கேட்டது.

ராயபுரம் லைன் வீடுகளில் அந்தக் குறட்டை அவ்வளவு பிரசித்தம். பக்கத்து வீட்டுச் சிலுவையம்மாள் சொம்பால் சுவரை இடிப்பாள். குழாயடியில், "இன்னா லூர்து, ராத்திரி உன் வூட்டுல கூட்ஸு வண்டி வந்துச்சா?" என்று சிரிப்பார்கள். சத்தமாவது தொலையட்டும், நடுவில் மூச்சே நின்றுபோகும், அப்புறம் பேய் அறைந்தவன்போல ஓர் இழுப்பு. பாவம், அவன் பெண்சாதி லூர்து வெட்கத்தில் செத்தாள். கடைசியில் அன்று சாயந்திரம் வலை மிதவைக் கட்டை ஒன்றைப் புருஷன் பனியன் முதுகில் வைத்துத் தைத்துவிட்டாள். மல்லாந்தால் குத்தும், ஒருக்களித்துத்தான் படுத்தாகவேண்டும்.

படுத்தான். கட்டிலுக்குக் கீழே பாயில் லூர்து. முதுகுக்குப் பின்னால் வெறும் சுவர். ஜன்னலில் கருவாடும் கரிப்புகையும் கலந்த ஹார்பர் காற்று. தூக்கம் கண்ணைச் சுழற்றியபோது, சுவருக்கும் முதுகுக்கும் நடுவே, ஈரமாக, அடித்தொண்டையில், அவனுடைய குறட்டை. பிடரியில் மூச்சு பட்டது. ரப்பர் நாற்றம். சத்தம் நின்றது. காத்திருந்தான். அதே இழுப்பு. திரும்பக் கட்டை விடவில்லை. விட்டிருந்தாலும் திரும்பியிருக்கமாட்டான். விடியும்வரை கண் மூடவில்லை.

"ராத்திரி ஒரு சத்தமில்லியே! மாதா கோயிலுக்கு மெழுவத்தி வாங்கியாரணும்" என்றாள் லூர்து. எத்தனை நாளைக்கப்புறம் அவள் முகத்தில் சிரிப்பு! அதைக் கெடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

ஹார்பரில் கடலுக்கடியில் இறங்கி வேலை பார்க்கும் டைவர் வால்டர், லூர்துவின் தம்பி. படகில் நின்று பம்புச் சக்கரம் சுற்றி, ரப்பர் குழாய் வழியாக அவனுக்குக் காற்று அனுப்புவது பாஸ்கல். சக்கரம் நின்றால் மூச்சு நின்றது. அதனால் அந்தப் படகில் ஒரு வழக்கம்: பித்தளைத் தொப்பி மாட்டுமுன் டைவர் கேட்பான், பம்புக்காரன் பொய் சொல்லக்கூடாது.

"மாமா, தூங்கினியா?"

டைவரின் இடுப்புக் கயிறு பிடிக்கும் ராமதாஸ் பக்கத்திலேயே இளித்துக்கொண்டு நின்றான். உண்மையைச் சொன்னால் ஹார்பர் பூரா சிரிக்கும். பாஸ்கலுக்குக் காது சுட்டது.

"ஜோரா தூங்கினேன்டா."

வால்டர் நம்பினான். தொப்பியைத் திருகினார்கள். பச்சைத் தண்ணீரில் இறங்கிப்போனான்.

மேகமூட்டம். பக்கத்தில் நின்ற கப்பல் வெளிச்சத்தை மறைத்திருந்தது. சக்கரம் சுற்றியது. சர்ர்... சர்ர்... கண் எரிந்தது. தோளை ஓரப் பலகையில் சாய்த்தான். மெல்ல ஒருக்களித்தான். அடடா, என்ன சுகம்! மூக்கிலும் வாயிலும் யாரோ ஜில்லென்று காற்றை ஊட்டுவதுபோல. ரப்பர் வாசம். சர்ர்... சர்ர்...

"பாஸ்கலு!"

விழித்தான். கை மடியில் கிடந்தது. சக்கரம் நின்றிருந்தது.

"கயிறு அசையவே இல்லப்பா! பம்பு ஓடிக்கினுதானே இருந்துச்சு? சர்ரு சர்ருன்னு சத்தம் கேட்டுச்சே!" ராமதாஸ் அலறிக்கொண்டே கயிற்றை இழுத்தான்.

பாஸ்கலும் இழுத்தான். மாதாவே. பொய் சொன்னேனே. லூர்து முகத்தில் எப்படி முழிப்பேன்?

வால்டரைப் படகில் தூக்கிப் போட்டார்கள். ராமதாஸ் தொப்பியின் கண்ணாடியைத் திருகித் திறந்தான்.

நீலம் பாரித்த முகம். திறந்த கண். இறுக மூடிய வாய்.

உள்ளேயிருந்து குறட்டை வந்தது.

அடித்தொண்டையில். ஈரமாக. லைன் வீடு முழுக்கத் தெரிந்த குறட்டை. ராமதாஸ் கேட்டான். மெதுவாகத் தலையைத் திருப்பி பாஸ்கலைப் பார்த்தான்.

சத்தம் நின்றது. இருவரும் அசையவில்லை.

பிறகு, பித்தளைக்குள், அந்த இழுப்பு.