தெருக்கோடியில் நிற்க வேண்டியவள்

பொம்மைக்காரரும் அவர் மனைவியும் மூட்டை முடிச்சுகளோடு அந்தப் பழைய வீட்டை அடைந்தபோது பொழுது நன்றாக விடிந்திருந்தது. கதவைத் திறந்த வீட்டுக்காரரின் கண்கள் பல நாள் உறக்கமின்றிச் சிவந்திருந்தன.

“தங்கச்சி போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாச்சு. இன்னும் வீட்டுக்குள்ள நடக்கறா. இந்தத் தெருவைப் பொம்மையாச் செஞ்சு, அவ கோடியில திரும்பிப் பார்க்காம போற மாதிரி வைங்க. கண்ணு பார்த்தாத்தான் மனசு நம்பும்.”

கூடத்துச் சுவரோரம் ஆழமான மரப்பெட்டி ஒன்றை வைத்தார்கள். அதன் முகப்பில் ஒற்றைக் கண்ணுக்கு ஒரு துளை. உள்ளே முன்வரிசைப் பொம்மை வீடுகள் பெரியவை. நடுவிலுள்ளவை அவற்றில் பாதி. கோடியிலுள்ளவை பாதியிலும் பாதி. துளை வழியே பார்த்தால் மூன்று அளவுகளும் ஒன்றாய்க் கலந்து, கை நீளப் பெட்டி நெடுந்தெருவாய் விரியும். மனித உருவங்களுக்கும் அதே கணக்கு.

மனைவி நகத்தளவில் அந்தத் தங்கையைச் செதுக்கிச் சாம்பல் வண்ண உடை தீட்டினாள். பொம்மைக்காரர் அவளை முதுகு காட்டிக் கோடியில் நிறுத்தினார்.

மறுநாள் காலை மனைவி துளையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

“என்னங்க இது? தலை மாடி ஜன்னலைத் தொடுது!”

“நடுவுக்குச் செஞ்சதைக் கோடிக்குக் குடுத்துட்டியா?”

“ஆமா, எனக்குக் கண்ணு பிடரியில இருக்கு! நான் செஞ்சதே ஒண்ணுதான்.”

கோடியில் பெரிதாய்த் தெரியும் உருவத்தைச் சற்று முன்னே நகர்த்தினால் அளவு பொருந்திவிடும். அத்தொழிலில் அது வழக்கம். புதிதாய்ச் செய்யச் சோம்பிய பொம்மைக்காரர் இடுக்கியால் அவளை நடுத்தெருவுக்குக் கொணர்ந்தார். கச்சிதமாகப் பொருந்தினாள். பெட்டிக்குள்ளிருந்து ஈரத்தலையின் வாடை வந்தது.

அடுத்த நாளும் அவள் வளர்ந்திருந்தாள். மீண்டும் முன்னே நகர்த்தினார். மீண்டும் கச்சிதம்.

“எவ்வளவு தூரம் போயிருக்கா?” உள்ளறையிலிருந்து கேட்டார் வீட்டுக்காரர்.

“போய்க்கிட்டே இருக்காங்க ஐயா” என்றார் பொம்மைக்காரர்.

அதற்கடுத்த நாள், முன்வரிசைக் கூரைக்கு மேல் அவள் தோள் எழுந்து நின்றது.

இனி முன்னே நகர்த்தத் தெருவில்லை.

“வேணாங்க. எடுத்துப் போட்டுட்டு வேற செஞ்சிடலாம்” என்று கிசுகிசுத்தாள் மனைவி.

அவர் மேல்மூடியைத் திறந்தார்.

உள்ளே அவள் இல்லை.

அவள் நின்ற இடத்தில் பசை மட்டும் ஈரமாயிருந்தது.

அந்நேரம் வந்த வீட்டுக்காரர் துளையில் கண்ணை வைத்தார். நெடுந்தெரு வெறிச்சோடிக் கிடந்தது. அவர் முகம் மெல்ல இளகிற்று.

“போயிட்டா... நிஜமாவே போயிட்டா.”

நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடினார். பொம்மைக்காரர் அடக்கிய மூச்சை விடப் போனார். மனைவியின் விரல்கள் அவர் முழங்கையை இறுகப் பற்றின.

நாற்காலிக்குப் பின்னே, உள்ளறை வாசலில், ஒருத்தி முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தாள். சாம்பல் உடையில் தூரிகையின் கோடுகள் தெரிந்தன.

“இப்ப அளவு சரியா இருக்குங்க” என்றாள் மனைவி.

வீட்டுக்காரர் கண் திறவாமலே முனகினார்.

“குளிருது. யாராச்சும் அந்தக் கதவைச் சாத்துங்களேன்.”

இருவரும் அசையவில்லை.

கதவு மெல்லச் சாத்தப்பட்டது.