நான்காம் வால்வு நேரானது எப்படி

நான்தான், உங்கள் கடைக்குட்டி. வயது இருபத்து மூன்று. இப்போது ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். தட்டித் தட்டி எழுதப் பொறுமை இல்லை, அதனால் போனிடம் பேசியே எழுத வைக்கிறேன்.

காலை பத்தரை மணி. மேனேஜர் என் மேஜைக்கு வந்தார்.

"பையை எடுத்துக்கிட்டுக் கூட்ட அறைக்கு வா."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

உள்ளே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் குழாய் வரைபடம் செய்து கொடுத்த சலவைத் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி. முந்தின நாள் அங்கே ஒரு குழாய் மெக்கானிக், எங்கள் படத்தைப் பார்த்து, குளிர்ந்த தண்ணீர்க் குழாய் என்று நம்பி நான்காம் வால்வைக் கழற்றியிருக்கிறார். உள்ளே ஓடியது நீராவி. இரண்டு குழாய்களுக்கும் மேலே ஒரே மாதிரி உறை. வலது கை வெந்துபோய் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

தொழிற்சாலை கொடுத்த பிடிஎஃப்பில் நான்காம் வால்வு மேலே, நீராவிக் குழாயில் இருந்தது. நாங்கள் கொடுத்த படத்தில் கீழே, தண்ணீர்க் குழாயில்.

"மாத்தினது யாரு?" என்றார் அதிகாரி.

"நான்தாங்க மேடம். ஆனா..."

"ஆனா அப்புறம். காலை ஆட்டாத தம்பி, மேஜை ஆடுது."

"புதுப் பையன் மேடம்," என்றார் மேனேஜர். "மவுஸ் நழுவியிருக்கும். இன்னிக்கே அனுப்பிடறோம்."

"எங்கே?"

"ஊருக்குத்தான். வேலை இல்லேன்னா இங்கே தங்க முடியாதே."

அவர் அதைச் சொல்லிக்கொண்டே மேஜையில் சிதறிக் கிடந்த பேனாக்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்கினார். எனக்கு வீட்டுக் கடன் ஞாபகம் வரவில்லை, அம்மாவின் முகம்தான் வந்தது.

"நீங்க இந்தப் படத்தைத் திறந்தீங்களா சார்?" என்று அதிகாரி அவரிடம் கேட்டார்.

"எனக்கெதுக்கு? முடிச்சதை அனுப்புறவன் நான். பார்சல்காரன் பார்சலைப் பிரிப்பானா?"

"சில பேர் பிரிச்சுட்டு ஒட்டியும் வைப்பாங்க," என்றார் சுவரோரம் நின்ற அக்கா, நான் முடிக்கும் படங்களைச் சரிபார்ப்பவர். ஆபீசில் எல்லோருக்கும் அவர் பூதக்கண்ணாடி அக்கா.

அதிகாரி நாற்காலியில் உட்காரவே இல்லை. சுவருக்கும் ஜன்னலுக்கும் நடந்தார். "பழைய பிரதி ஏதாவது இருக்கா?"

"இல்லீங்க. ஒரே ஃபைல் மேலயே சேமிப்போம்."

"சரி. அதே பிடிஎஃப்பை இப்ப என் கண் முன்னாடி மாத்து."

மாற்றினேன். பிடிஎஃப்பைப் பார்க்கலாம், தொட முடியாது. மென்பொருள் அதைத் தொடக்கூடிய படமாக மாற்றும்போது எல்லாம் உதிரியாக வந்து விழும். வால்வு தனி, கோடு தனி, எண் தனி. விழுந்ததை வகைபிரிப்பதுதான் என் வேலை. நான்காம் வால்வு சரியாக நீராவிக் குழாயில்தான் வந்தது.

"பார்த்தீங்களா, மென்பொருள் மேல தப்பில்லை," என்றார் மேனேஜர். "கைதான் நழுவியிருக்கு."

"நழுவட்டும். தம்பி, அந்த வால்வைக் கீழே இழு."

இழுத்தேன். வால்வு கீழே போனது. '4' மேலேயே நின்றது.

"எண் ஏன் கூட வரலை?"

"வால்வையும் எண்ணையும் இன்னும் சேர்த்துக் கட்டலீங்க. அது அக்கா வேலை."

அதிகாரி தொழிற்சாலைக்குப் போன படத்தைத் திறந்தார். அதில் '4' வால்வோடு ஒட்டிக்கொண்டு கீழே இருந்தது.

"அப்ப கட்டினதுக்குப் பிறகு நகர்ந்திருக்கு. இந்தத் தம்பி கையில இருந்தப்ப இல்லை."

"அப்ப அக்காதான்," என்றார் மேனேஜர், மூச்சு விடாமல்.

"என்னையும் ஊருக்கு அனுப்பிடுங்க. பேச்சுத்துணைக்கு ஆள் கிடைச்சாச்சு." அக்காவின் குரலில் சிரிப்பு இருந்தது, முகத்தில் இல்லை.

"நீங்க எப்படிச் சரிபார்ப்பீங்க?"

அக்கா செய்து காட்டினார். அசல் படத்தை வெளிறிய நிழலாக அடியில் போட்டார். ஒவ்வொரு வால்வும் தன் நிழல் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. பிறகு நான்காவதைக் கட்டி, கீழே இழுத்தார். மேலே வெறும் நிழல் மட்டும் தனியாக நின்றது.

"இது தெரியாம விட்டிருப்பீங்களா?"

"பேய் மாதிரி நிக்குதே மேடம். அரைத்தூக்கத்துல பார்த்தாலும் தெரியும்."

"அப்ப நிழலை எடுத்ததுக்குப் பிறகுதான் நகர்ந்திருக்கு. நிழலை எடுக்கிறது யாரு?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"மேனேஜர் சார்தாங்க," என்றேன். "அனுப்புறதுக்கு முன்னாடி அவர்தான் எடுப்பார். ஃபைல் கனமா இருக்கக் கூடாதுன்னு."

அதிகாரியின் நடை நின்றது. "பிரிக்காத பார்சலுக்குள்ள இருந்து எப்படி சார் எடுத்தீங்க?"

மேனேஜர் கைக்குட்டையைத் தேடினார்.

"இன்னொண்ணும் இருக்கு," என்றார் அதிகாரி. "நழுவின வால்வுன்னா எங்கேயாவது கோணலா நிக்கணும். இது மத்த நாலு வால்வோட நூல் பிடிச்ச மாதிரி நிக்குது. அஞ்சையும் சேர்த்துப் பிடிச்சு, வரிசையா நிறுத்துற பொத்தானை அமுக்கினாத்தான் இப்படி வரும். கை நழுவி இவ்வளவு அழகு வராது."

"ஒண்ணு மட்டும் மேலே தூக்கிட்டு நின்னுச்சு," என்றார் மேனேஜர். குரல் அடிக்கிணற்றிலிருந்து வந்தது. "பார்க்க அசிங்கமா இருந்துச்சு. நேரா வச்சேன், அவ்வளவுதான்."

"அது வேற குழாய் சார்."

"தெரியலை."

"அன்னிக்குத் தெரியலை. இன்னிக்குக் காலையில தெரிஞ்சுதானே இவனைப் பையோட கூப்பிட்டீங்க?"

அவர் கை மறுபடியும் பேனாக்களுக்குப் போனது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று அம்மா சொல்வாளே, அந்தப் பழிதான் பையாக இவ்வளவு நேரம் என் மடியில் இருந்தது.

முதலாளி வந்தார். மேனேஜரை உள்ளே அழைத்துப் போனார். என்னிடம், "நாளைக்கு வழக்கம்போல வா" என்றார். அக்கா தோளில் தட்டிவிட்டுத் தன் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டார். நான் இந்த மாடிப்படிக்கு வந்துவிட்டேன். சாயங்காலம் அந்த மெக்கானிக்கைப் போய்ப் பார்க்கலாமா என்று இருக்கிறது. போய் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

வீட்டில் இதைப் படிக்கிறவர் அண்ணனோ அண்ணியோ, யாராக இருந்தாலும் சரி, அம்மா எதிரில் முதல் வரியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். வேலை இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள். அவள் உட்கார்ந்த பிறகு படியுங்கள்.