கொசு நிறைந்த பை

கிளாட்சனுக்குக் காலையிலிருந்து குடலைப் பிடுங்கித் தின்கிற பசி. இருட்டு விலகும் முன்பே குத்தாலம் பக்கத்து வயல்களுக்குப் போய்க் கொசுப்பொறிகளை அவிழ்த்து, அத்தனையையும் தோளில் சுமந்து தஞ்சாவூர் வந்து சேர்ந்திருந்தான். எலுமிச்சைச் சோற்று டப்பாவைத் திறந்து முதல் கவளத்தை உருட்டியபோது ஆய்வுக்கூட வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள்.

“கொசு ஆபீஸ் இதானே?”

“இதாங்க. உக்காருங்க,” என்றான், கவளத்தைப் பார்த்துக்கொண்டே.

“உக்கார வரல. என் பன்னிய எல்லாம் ஊரைவிட்டு ஓட்டுறதுக்கு வழி பண்ணுனது யாரு? அவரப் பாக்கணும்.”

கவளம் டப்பாவுக்கே திரும்பியது.

உள்ளே நுண்ணோக்கியில் கண் பதித்திருந்த அக்னஸ் தலை நிமிர்ந்தார். ஐம்பது வயது. கொசுக்களைப் படித்தே தலை நரைத்தவர். அம்மாவும் அப்பாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போய்ப் படிக்க வைத்த பெண். யார் எவ்வளவு கத்தினாலும் முதலில் நாற்காலியை இழுத்துப் போடுவார். இப்போதும் போட்டார்.

வந்தவள் பெயர் அம்சவல்லி. திருவையாற்றைத் தாண்டி ஆலந்திடல். இருபது பன்றி வளர்க்கிறாள். மூன்று வாரத்துக்கு முன்பு அவள் கொட்டிலுக்கு அடுத்த தெருவில், ரெத்தினம் வீட்டு மாட்டுக்கொட்டகையில் இந்த ஆய்வுக்கூடத்துப் பொறி வைக்கப்பட்டது. அதில் விழுந்த கொசுவில் மூளைக்காய்ச்சல் வைரஸ் இருப்பதாக நேற்று ஊருக்குத் தகவல் போயிற்று. பக்கத்தில் பன்றி, கொசுவில் வைரஸ். ஊர் கணக்குப் போட்டு முடித்துவிட்டது.

“துரைராசு மெம்பர் லாரிக்குச் சொல்லிட்டாரு. சாயந்தரம் ஏத்துறாங்க. ஒண்ணு நெறமாசச் சினை மேடம். லாரியில குலுக்குனா குட்டி வயித்துக்குள்ளயே போயிரும். என் மவ நர்சிங் படிக்கிறதே இதுங்க புண்ணியத்துல.”

“பொய் சொல்ல மாட்டேன் அம்சவல்லி,” என்றார் அக்னஸ். “இந்த வைரஸ் கொக்கு, நாரை, பன்னி உடம்புல பெருகும். கொசு அங்கேருந்து எடுத்துட்டு வந்து புள்ளைங்களக் கடிக்கும். பன்னிக்குப் பெருசா ஒண்ணும் தெரியாது. சினையா இருந்தா குட்டி செத்துப் பொறக்கும். மெம்பர் பயந்ததுல தப்பில்ல.”

“அப்ப என் பொழப்பு போச்சா?”

“அதை நான் இன்னும் பாக்கல. கிளாட்சன், அந்தப் பொறிய எடுத்துட்டு வா. எந்தக் கொசுல வைரஸ் வந்துச்சு?”

“மான்சோனியா மேடம். பாதிப் பை அதுதான். அன்னைக்கு நீங்க லீவு, நான்தான் பிரிச்சேன்.”

அக்னஸ் எழுந்து அலமாரியைத் திறந்தார். ஊசியில் குத்தி வைத்திருந்த ஒரு கொசுவை எடுத்து அம்சவல்லியிடம் நுண்ணோக்கி வழியாகக் காட்டினார். சிறகு முழுக்க உப்பும் மிளகும் தூவினாற்போல் இருந்தது.

“உங்க ஊர்ல ஆகாயத்தாமரை எங்க கெடக்கு?”

“இப்ப எங்க இருக்கு? வாய்க்கால் பூரா பொக்லைன் விட்டுத் தூர் வாரிட்டாங்க. குளமும் சுத்தம்.”

“ம்,” என்றார் அக்னஸ். பொறியைத் திருப்பிப் பார்த்தார். சின்ன விளக்கு, காற்றாடி, கீழே வலைப்பை, தனியாக ஒரு பேட்டரி. பேட்டரியின் வாரில் ஒட்டியிருந்த எதையோ நகத்தால் சுரண்டி வெள்ளைத்தாளில் வைத்தார். மீன் செதில்.

“அது பஸ்ல வந்ததா இருக்கும் மேடம்,” என்றான் கிளாட்சன். “அன்னைக்கு என் பக்கத்துல ஒரு மீன்கூடை. பையத் தொறந்தப்பகூட ஒரே கவுச்சி.”

“புகை வாசனை?”

“இல்லீங்களே.”

“சரி, கெளம்பு. டப்பாவ மூடு.”

ஜீப் திருவையாறு தாண்டும்வரை கிளாட்சன் பசியை மறந்து யோசித்தான். பிறகு வெடித்தான். “மேடம், இது துரைராசு வேலை. பன்னி நாத்தம்னு அவரு ரெண்டு வருசமா மனு குடுத்துட்டிருக்காரு. எங்கிருந்தோ ஒரு பையக் கொண்டாந்து மாத்திட்டாரு!”

“வைரஸ் இருக்கிற கொசு எது, இல்லாத கொசு எதுன்னு மெம்பருக்குப் பாத்த உடனே தெரியுமா? எனக்கே தெரியாதுப்பா. லேப்ல அனுப்பிக் காத்துக் கெடக்குறேன்.”

கிளாட்சன் அந்தச் சதியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

“அன்னைக்குப் பொறிய யாரு கட்டுனது?”

அவன் காதோரம் சூடேறியது. “கொக்கியக் காட்டிக் குடுத்தேன் மேடம். கடைசி பஸ் போயிரும்னு ரெத்தினம் அண்ணன்கிட்ட விட்டுட்டு வந்துட்டேன். காலைல மெயின்ரோட்டுக்கே கொண்டாந்து குடுத்தாரு. பை கொள்ளாம கொசு. நான்கூடப் பாராட்டுனேன்.”

ஆலந்திடலில் லாரி அவர்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தது. குறுவை அறுப்பு முடிந்து தெருவெல்லாம் வைக்கோல். பன்றிக்கொட்டில் முன்னால் கூட்டம். அம்சவல்லி ஜீப்பிலிருந்து இறங்கியதுமே வார்டு மெம்பர் துரைராசு வேட்டியை மடித்துக் கட்டினார்.

“வந்துட்டா பாரு புள்ளக்கொல்லி! ஊர்ப் புள்ளைங்க மூளை வெந்து சாகணும், நீ பன்னி வித்துத் திங்கணும். அதானே?”

தெரு முழுக்கக் கேட்டது. அம்சவல்லி உதட்டைக் கடித்துக்கொண்டாள். வெயிலில் களை பறிக்கிறவர்களுக்கு வாயை மூடிக்கொள்ளத் தெரியும். அது சம்மதம் என்று வரப்பு மேலே நிற்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

“மெம்பர் சார், ஒரு மணி நேரம் குடுங்க,” என்றார் அக்னஸ். “நீங்களும் வாங்க. ரெத்தினம் வீட்டுக் கொட்டகையிலதான் பேசணும்.”

ரெத்தினம் வாசலுக்கு ஓடிவந்தார். அறுபதை நெருங்கும் மனிதர். இரண்டு மாடு, ஒரு கன்று, முகம் நிறையச் சிரிப்பு. “வாங்க வாங்க, மோர் குடிங்க. வெள்ளரிப்பிஞ்சு பறிச்சு வச்சிருக்கேன், போறப்ப எடுத்துட்டுத்தான் போகணும்,” என்று ஒரே மூச்சில் சொன்னார். கிளாட்சனுக்கு அவர் தெய்வமாகத் தெரிந்தார்.

கொட்டகையில் கன்று கட்டியிருந்த இடத்துக்கு மேலே மூங்கிலில் அந்தக் கொக்கி. அதற்கு நேர் கீழே மண்சட்டி நிறையச் சாம்பல். கூரை மூங்கில்கள் அடுப்படி போலக் கறுத்திருந்தன.

“மூட்டம் போடுறீங்களா?”

“போடாமயா? வேப்பந்தழையும் எருமுட்டையும். கன்னு பொறந்து மூணு மாசமாச்சு, ஒருநாள் விட்டதில்ல. பச்சப்புள்ள மாதிரிங்க அது, கொசு கடிச்சாத் தாங்குமா?”

“மத்தியானத்துக்கு மேல மாட்டப் பாத்துட்டு ராத்திரி எங்க படுப்பீங்க?”

“கொள்ளிடக்கரையில ஒரு குளம் மீன் குத்தகைக்கு எடுத்திருக்கேன். காவலுக்குப் போயிருவேன், டிவிஎஸ்ல. இங்கேருந்து எட்டு கிலோமீட்டர் வரும்.”

அக்னஸ் மோரைக் குடித்து முடித்தார். பொழுது சாய, மாட்டைச் சுற்றிக் கொசுக்கள் ரீங்கரித்தன. “மூட்டத்தப் போடுங்க ரெத்தினம்,” என்றார். “கிளாட்சன், பொறிய அந்தக் கொக்கியில கட்டு.”

தழை கரிந்தது. புகை எழுந்து கொட்டகையை நிரப்பியது. மெம்பர் இருமினார், லாரி டிரைவர் தும்மினார், கிளாட்சன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடினான். மாடு மட்டும் சுகமாக அசைபோட்டது. அரைமணி கழித்து அக்னஸ் பையைத் தூக்கிக் காட்டினார். ஒரே ஒரு கொசு. அதுவும் செத்துக் கிடந்தது.

“மெம்பர் சார், மோந்து பாருங்க. என்ன வாசனை?”

“வேற என்ன, புகைதான்!”

“அன்னைக்கு வந்த பையில முன்னூறு கொசு. புகை வாசனை துளிகூட இல்ல, மீன் கவுச்சி. பேட்டரி வார்ல மீன் செதில். பஸ்ல மீன்கூடை இருந்துச்சுன்னு கிளாட்சன் சொன்னான். கவுச்சி அதுலேருந்து வந்திருக்கலாம். ஆனா புகை வாசனைய எந்த மீன்கூடையும் எடுத்துட்டுப் போக முடியாது. அடுத்தது, வைரஸ் இருந்த கொசு. அதோட புழு தண்ணிக்கு மேல வந்து மூச்சு விடாது. ஆகாயத்தாமரை வேர்ல குத்திக்கிட்டு அதுலேருந்து காத்து எடுக்கும். செடி இல்லாத ஊர்ல அந்தக் கொசு ஒண்ணு ரெண்டு வழி தப்பி வரலாம், பாதிப் பை வராது. அந்தப் பை இந்தக் கொட்டகையில தொங்கவே இல்ல. ரெத்தினம், உங்க மீன்குளத்துல ஆகாயத்தாமரை உண்டா?”

ரெத்தினத்தின் சிரிப்பு மெல்ல இறங்கியது. “பாதிக் குளம் அதுதாங்க.”

“மரத்துல கொக்கு அடையுதா?”

“வெள்ளை வெளேர்னு.”

“பொறிய அங்க கொண்டு போயிட்டீங்க.”

ரெத்தினம் துண்டை எடுத்துக் கையில் முறுக்கினார். “தப்பா மேடம்? தம்பி பொறியக் குடுத்துட்டுப் போயிருச்சு. நான் மூட்டம் போட்டுட்டேன். அப்பத்தான் நெனச்சேன், புகையில கொசு எப்படி விழும்? காலைல அந்தப் புள்ள அம்புட்டு தூரத்துலேருந்து வந்து வெறும் பையோட போறதா? என் வீட்டு வாசல்ல வந்தவங்கள நான் வெறுங்கையா அனுப்புனதே இல்லீங்க. குளத்தங்கரையில கொசு அள்ளு அள்ளுனு அள்ளும். அங்க கட்டி, நெறச்சுக் குடுத்தேன்.”

முதலில் சிரித்தது அம்சவல்லி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வைக்கோலில் உட்கார்ந்துவிட்டாள். “ஏண்ணே, வெள்ளரிப்பிஞ்சு மாதிரி கொசுவும் பறிச்சுக் குடுத்தியா!” லாரி டிரைவர் சிரித்தார், மெம்பருக்கும் மீசை துடித்தது. கிளாட்சனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. கொசு மொய் வாங்கிய ஒரே அரசு ஊழியன் தான்தான் என்று தோன்றியது.

“சிரிச்சாச்சுல்ல, இப்பக் கேளுங்க,” என்றார் அக்னஸ். “பன்னி மேல இன்னைக்கு எந்தச் சாட்சியும் இல்ல. அதுக்காக நான் நற்சான்றும் குடுக்கல. ரத்தம் எடுத்துட்டுப் போறோம். முடிவு வர்ற வரைக்கும் கொட்டிலுக்கு வலை கட்டணும் அம்சவல்லி. ஆனா நெருப்பு பத்துனது வேற எடத்துல. ரெத்தினம், அந்தக் குளத்தங்கரையில குடும்பம் இருக்கா?”

“இருக்குங்க. செங்கல் அறுக்க வந்தவங்க. புள்ளைங்களும் உண்டு.”

“நாளைக்குக் காலைல முதல் வேலை அங்க. ஊசி, கொசுவலை, எல்லாம். ரெத்தினம் தப்பா வச்ச பொறிதான் அந்தப் புள்ளைங்கள நமக்குக் காட்டியிருக்கு.”

அப்போது கொட்டில் பக்கத்திலிருந்து கூச்சல். அம்சவல்லி எழுந்து ஓடினாள். எல்லோரும் பின்னால் ஓடினார்கள். சினைப்பன்றி வைக்கோலில் சாய்ந்து கிடக்க, வயிற்றோரம் ரோஜா நிறத்தில் குட்டிகள் முட்டிக்கொண்டிருந்தன. அம்சவல்லி ஒவ்வொன்றாகத் துடைத்தாள். “பதினொண்ணு! அத்தனையும் உசுரோட!”

“மேடம், இதும் சாட்சிதானே?” என்றான் கிளாட்சன் மூச்சிரைக்க.

“இதுக்குப் பேரு சாட்சி இல்லப்பா, சந்தோஷம். போய் வெள்ளரிப்பிஞ்சு தின்னு.”

லாரி அன்று ஊரிலேயே நின்றது. மறுநாள் துரைராசு தானே முன்னால் ஏறி உட்கார்ந்து, கொசுவலை மூட்டைகளோடும் செவிலியரோடும் கொள்ளிடக்கரைக்குப் போனார். அடுத்த வாரம் பன்றிகளின் ரத்தத்தில் வைரஸ் இல்லை என்று முடிவு வந்தபோது, அதை டீக்கடையில் நின்று உரக்கப் படித்ததும் அவர்தான். தாய்ப்பன்றிக்கென்று ஒரு மூட்டைத் தவிடுகூட ஆள்விட்டு அனுப்பினார். அம்சவல்லி தவிட்டை வாங்கிக்கொண்டாள். கொட்டிலைக் கடக்கும்போது மட்டும் மெம்பர் வண்டியை வேகமாக விட்டார்.

தெருவே கேட்க அவளைப் ‘புள்ளக்கொல்லி’ என்று சொன்னதற்கு, தெருவே கேட்க அவர் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.