போடாத பிடிமண்

இராயபுரத்துக் கோயிலின் மாலை மணி ஒலித்து அடங்கிய வேளையில் சில்வியா தன் பிறந்த வீட்டுப் படியேறினாள். செருப்பைக் கழற்றவில்லை. மறைந்த அம்மாவின் செபமாலையை எடுத்துக்கொள்ள வேண்டும். தம்பி நோயலோடு உள்ள உறவை இன்றோடு அறுத்துக்கொள்ள வேண்டும். அதற்குமேல் அந்த வீட்டில் ஒரு மிடறு தண்ணீரும் அவளுக்கு வேண்டியதில்லை.

மாதம் ஒன்றாகியும் சினம் ஆறவில்லை. அப்பா லியோனார்டைச் சவப்பெட்டியில் கிடத்தியிருந்தபோது, சட்டைக்கை விலகிய இடத்தில் அவள் கண்டாள்: மணிக்கட்டைச் சுற்றிக் கன்றிப்போன கயிற்றுத் தடம். மறதி நோயில் நினைவெல்லாம் உதிர்ந்து, பெற்ற மக்களின் பெயரும் அற்றுப்போன மனிதரை மாட்டைப்போலக் கட்டி வைத்திருந்தான் பாவி. கல்லறையில் உறவினர் ஒவ்வொருவராய்க் குழிக்குள் பிடிமண் இட்டார்கள். தன் முறை வந்தபோது, கையிலிருந்த மண்ணை நோயலின் முகத்தில் வீசியெறிந்துவிட்டு, அவள் அப்படியே கோயம்புத்தூருக்குப் பேருந்தேறிவிட்டாள்.

கதவு திறந்தே கிடந்தது.

உள்ளே உப்பில் ஊறிய கயிற்றின் வாடை. துறைமுக இழுவைப் படகில் லஸ்கர் என்னும் படகாளாக ஆயுள் முழுதும் கயிறு வீசியவர் அப்பா. நாள்தோறும் அவர் சட்டையோடு வீட்டுக்குள் வந்த வாடை அது. சட்டைகளையெல்லாம் தானம் கொடுத்தாயிற்று என்று கேள்வி. வாடை மட்டும் போகவில்லை.

அப்பாவின் வெறுங்கட்டிலருகே, இருட்டில், நோயல் தரையில் அமர்ந்திருந்தான். அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை.

"கரண்ட் இல்லியா?"

"கீது. லைட்டு போட்டா தரையில ஈரம் தெரியுது. அதான்."

"ரேச்சல் எங்க?"

"புள்ளைங்கள இட்டுக்கினு எண்ணூர் பூட்டா, அவங்கம்மா வூட்டுக்கு. இங்க தூங்கமாட்டேன்னுட்டா."

"பின்ன? அப்பனையே கட்டிப் போட்டவன் பொண்டாட்டிய சும்மா வுடுவியா?"

சட்டைக்கையை மெல்லச் சுருட்டி, சன்னலில் மிச்சமிருந்த வெளிச்சத்தில் கையை நீட்டினான்.

அதே தடம்.

"நான் கட்டலக்கா. அவருதான் கட்டுனாரு. அவர் கையையும் என் கையையும் சேத்து. வூடு கடல்ல போவுது, நீ மெதந்து பூடுவேன்னு அழுவாரு. அவுத்தா கத்துவாரு. அவரு போட்ற முடிச்ச எனக்கு அவுக்கவும் வராது."

"அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாடா?"

"வாயெல்லாம் மண்ணு. எப்புடி சொல்றது?"

சில்வியாவுக்குத் தேர்த் திருவிழா நினைவு வந்தது. கூட்டத்தில் பிள்ளைகள் தவறிவிடாதிருக்க, இருவர் மணிக்கட்டிலும் கயிறு கட்டித் தன் கையோடு பிணைத்துக்கொள்வார் அப்பா. கயிற்றை இருமுறை இழுத்தால், இருக்கிறேன், விடமாட்டேன் என்று பொருள். ஒருமுறை இழுத்தால், வீடு வந்தாயிற்று, அவிழ்த்துக்கொள் என்று பொருள்.

"என் பேர எப்பனா சொன்னாரா?" அவள் குரலில் இன்னமும் கனல் இருந்தது.

"சொல்லல. ஆனா எப்பவும் ரெண்டு கயிறு எடுப்பாரு. ஒண்ணு எனக்கு. இன்னொண்ண கைல வெச்சிகினு வாசலப் பாத்துகினே இருப்பாரு."

சினம் தணியவில்லை. தம்பியிடமிருந்து விலகி, அவளையே சுற்றிவளைத்தது. வாசலில் தான் வந்து நிற்காத பொழுதுகளின்மீதும், ஒரு மனிதரை உயிரோடு அரித்துத் தின்ற அந்த நோயின்மீதும் பல்லைக் கடித்தாள். அப்போதுதான் அவன் கையை மீண்டும் பார்த்தாள். தோல் உரிந்து நிணநீர் கசிந்தது.

"இது பழைய தழும்பு இல்லியே."

"இல்ல," என்றான் கிசுகிசுப்பாக. "தெனம் காலையில புதுசா கீது. உன் மண்ணு வுழலக்கா. அவரு இன்னும் போவல."

கட்டிலுக்கடியில் ஏதோ நகர்ந்தது.

நனைந்த வடத்தைத் தரையில் இழுக்கும் ஓசை. நின்றது. மறுபடி எழுந்தது.

அவளை நோக்கி வந்தது.

ஈரம் அவள் பாதத்தைத் தொட்டது. குளிர்ந்த ஒன்று மேலேறி மணிக்கட்டைச் சுற்றியது, ஒரு சுற்று, பின் முடிச்சிடத் தெரிந்த விரல்களின் பதற்றமற்ற இறுக்கம்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"கத்தாத," என்றான் நோயல். "கத்துனா இறுக்குவாரு."

அவள் கத்தவில்லை. மற்றக் கையால் தம்பியின் தோளைப் பற்றிக்கொண்டு அவனருகே அமர்ந்தாள். விடியும்வரை இருவரும் அப்படியே அமர்ந்திருந்தார்கள்.

முப்பதாம் நாள் பூசைக்கு முன், வெயில் ஏறியபின், காசிமேட்டுக் கல்லறைக்குப் போனார்கள். நோயல் குனிந்து மண்ணை அள்ளி அக்காவின் கையை நிரப்பினான்.

"இந்தா. என் மூஞ்சியப் பாக்காத. இந்தவாட்டி அவருக்குப் போடு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன. மண் மேட்டின்மேல் விழுந்தது. "போயிட்டு வாப்பா," என்றாள். "வூடு வந்தாச்சு."

கல்லறையின் இருபுறமும் நின்று, வெறுங்கைகளைத் தொங்கவிட்டு, அந்த ஒற்றை இழுப்புக்காக இருவரும் காத்திருந்தார்கள்.

சில்வியாவின் கை மண்ணை நோக்கிச் சுண்டி இழுபட்டது. எதிரே நோயலின் கையும் அதே கணத்தில் இழுபட்டது. இருவரும் மூச்சுவிட்டார்கள்.

பிறகு, இரண்டாம் முறை இழுத்தது.