ஐந்து விநாடி இடைவெளி

பதினேழாவது கேள்விக்கும் அதன் விடைக்கும் நடுவே அவள் விட்டிருந்த ஐந்து விநாடி மௌனத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

தன் மூச்சாகத்தான் இருக்கும் என்று முதலில் விட்டுவிட்டாள். மருத்துவ மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள். இது மூன்றாவது முயற்சி. புத்தகத்தைப் பார்த்துப் படித்தால் கண் ஓடுகிறதே தவிர மனதில் எதுவும் ஒட்டுவதில்லை என்று தெரிந்த பிறகு அவள் பழக்கிக்கொண்ட முறை ஒன்று இருந்தது. காலையில் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொள்வாள். காதை அடைத்தால் வெளிச்சத்தம் மங்கி, நம் குரல் மட்டும் மண்டை எலும்பு வழியாக உள்ளே பெரிதாகக் கேட்கும். போனைப் பக்கத்தில் வைத்து ஒரு கேள்வியைச் சொல்வாள், மனதுக்குள் ஐந்து எண்ணுவாள், பிறகு விடையைச் சொல்வாள். இப்படி எண்பது கேள்விகள். வீடே தீப்பற்றி எரிந்தாலும் நடுவில் நிறுத்தக் கூடாது என்பது விதி. மாலையில் அதையே இயர்ஃபோனில் போட்டு, அந்த ஐந்து விநாடிக்குள் விடையைச் சொல்லிவிட வேண்டும்.

இன்று காலை எட்டே காலுக்குப் பதிவு செய்தது. இப்போது மணி ஐந்தரை. மழை மேகத்தில் ஜன்னல் கறுத்திருந்தது.

பதினெட்டாவது இடைவெளியில் மூச்சு இன்னும் பலமாக இருந்தது. பத்தொன்பதில் குறைந்தது. இருபதில் இல்லை. அப்பாடா என்று அவள் பேனாவை எடுத்தபோது, இருபத்தொன்றில், ஆழத்திலிருந்து மேலே வருகிறவனைப் போல அது மறுபடி தொடங்கியது.

அந்தத் தாளம் அவளுக்குத் தெரியும். சின்ன மூச்சாகத் தொடங்கி, ஏறி, ஏறி, பிறகு இறங்கி, நின்றேபோய், கொஞ்ச நேரம் கழித்து மீண்டும் தொடங்கும். குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திருகினால் சூடு வந்துசேர நேரமாகிறது, பொறுமையில்லாமல் இன்னும் திருகுகிறோம், கொதிக்கக் கொதிக்க வருகிறது, பதறிக் குறைக்கிறோம், சில்லிட்டுப்போகிறது. களைத்துப்போன இதயத்திலும் இதேதான். ரத்தம் நுரையீரலிலிருந்து மூளைக்குத் தாமதமாகப் போகிறது, மூளைக்குச் செய்தி தாமதமாகக் கிடைக்கிறது, ஆகவே அது எப்போதும் மூச்சைக் கூட்டியோ குறைத்தோ விடுகிறது. நான்கு மதிப்பெண் கேள்வி. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது இரண்டு பேரிடம் நேரில் கேட்டிருக்கிறாள். இருவருமே விடிவதற்குள் போய்விட்டார்கள்.

இயர்ஃபோனைக் கழற்றினாள். அவளுடைய அறை என்பது ஹாலின் ஒரு மூலைதான். பீரோவைக் குறுக்கே நிறுத்தி, மீதி இடத்துக்குத் திரை போட்டிருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் அப்பாவின் நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை என்றால் லிஃப்ட் மெக்கானிக்குக்கு விடுமுறை. செய்தித்தாளோடு அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டார். அம்மா அக்கா வீட்டுக்குப் போய் நான்கு நாளாகிறது.

"அப்பா, காலைல நான் படிக்கும்போது இந்தப் பக்கம் வந்தீங்களா?"

"வந்தா கடிச்சுத் துப்பிடுவியே, டாக்டரம்மா. நான் எதுக்கு வரேன்?"

குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவதுபோல.

"மூச்சு கீச்சு ஏதாவது வாங்குதா?"

"உனக்குப் பரீட்சை வந்தாலே இந்த வீட்ல ஒவ்வொருத்தருக்கா வியாதி வந்துடும். போன தடவை உன் அம்மாவுக்குக் காசநோய். இப்ப என் முறையா? படிம்மா."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தது தெம்பாக இருந்தது. மறுபடி ஓடவிட்டாள்.

இருபத்துமூன்று. "சர்க்கரை நோயாளிக்கு வரும் மாரடைப்பில் பெரும்பாலும் இல்லாமல் போகும் அறிகுறி எது?"

இடைவெளி. ஏறும் மூச்சு. அதன் மேல், தூரத்தில், அப்பாவின் குரல்.

"அம்மாடி. ஒரு நிமிஷம் வாயேன். என்னமோ மாதிரி இருக்கு."

பிறகு அவளுடைய குரல்: "ஷ்ஷ்!" பிறகு, கொஞ்சமும் பிசகாமல், "வலி."

அவளுக்கு நினைவு வந்தது. திரை அசைந்ததைக் கண்ணோரத்தில் பார்த்தாள். திரும்பாமலே கையைத் தூக்கிக் காட்டினாள். சர்க்கரை வருடக்கணக்கில் நரம்புகளை அரிக்கிறது, இதயத்திலிருந்து வலியைக் கொண்டுபோகும் நரம்புகளையும்தான், அதனால் நெஞ்சு செத்துக்கொண்டிருக்கும்போதுகூட அந்த ஆளுக்கு என்னமோ மாதிரி இருக்கும், அவ்வளவுதான். இதை அவளே குறிப்பில் எழுதிவைத்திருந்தாள். சிவப்பு மையில். அப்பாவுக்குப் பதினெட்டு வருடமாகச் சர்க்கரை.

இருபத்தாறு. நாற்காலி கிறீச்சிட்டது. மூச்சு ஏறியது.

இருபத்தேழு. இறங்கியது.

இருபத்தெட்டு. நின்றது.

இருபத்தொன்பது. இல்லை.

முப்பது. அவள் குரல் தெளிவாக, உற்சாகமாக, சிறுநீரகத்தைப் பற்றி ஏதோ கேட்டது. இல்லை.

முப்பத்தைந்து, நாற்பது, ஐம்பது வரை தள்ளிப் பார்த்தாள். எண்பது வரை. ஒவ்வொரு இடைவெளியும் அவள் விட்ட மாதிரியே சுத்தமாக இருந்தது.

ஆனால் பத்து மணிக்கு அவள் திரைக்கு வெளியே போனபோது அவர் பேசினாரே. "சரியாப் போச்சும்மா, நீ போய்ப் படி" என்றாரே. மதியம் தட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தாள். "அப்புறம் சாப்பிடறேன்" என்றார். மூன்று மணிக்கும் பேசினார். இப்போதும் பேசினார்.

தட்டை எடுக்கப் போகும் சாக்கில் திரையை விலக்கினாள்.

தட்டு அப்படியே இருந்தது. சோறு காய்ந்திருந்தது. செய்தித்தாள் மடியில், முதல் பக்கத்திலேயே. அவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பழைய துணியும் ஈரமும் கலந்த ஒரு வாடை. அவள் விளக்கைப் போடவில்லை. போட முடியவில்லை.

"என்ன, பேயைப் பாத்த மாதிரி நிக்கிற?"

உதடு அசைந்ததா? தாடை அசையவில்லை.

கீழே உட்கார்ந்து அவருடைய காலைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது. வேட்டிக்குக் கீழே, கணுக்காலைச் சுற்றி, தோல் கருஊதாவாக இருந்தது. குதிகால் தரையில் அழுந்திய இடம் மட்டும் மெழுகு வெள்ளை.

பம்பு நின்றால் தண்ணீர் பள்ளத்தில் தேங்கும். ரத்தமும் அப்படித்தான். ஆரம்பத்தில் விரலால் அழுத்தினால் நிறம் விலகும், எடுத்தால் திரும்பும். ஆறு, எட்டு மணி நேரம் கழிந்தால் விலகாது. அழுத்தினாலும்.

அழுத்தினாள்.

ஐந்து எண்ணினாள்.

எடுத்தாள்.

விலகவில்லை.

மணிக்கட்டைப் பிடித்தாள். அவருடைய விரல்கள் மடங்கவில்லை. நாடி இல்லை. இடம் மாற்றிப் பிடித்தாள். இல்லை. கழுத்தில் வைத்தாள். அங்கேயும்.

"பெரிய பெரிய கட்டடத்துல நின்னுபோன லிஃப்டையெல்லாம் ஏத்திவிட்டவன் நான்," என்றார் அப்பா. "என்னைப் போய்த் தடவித் தடவிப் பாக்குற. சரி, சொல்லு. எனக்கு என்ன?"

விடை தெரியும். அதைச் சொன்னால் அவர் பேச்சு நின்றுவிடும் என்று தோன்றியது. ஏன் தோன்றியது என்று தெரியவில்லை. ஆனால் நின்றுவிடும் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

"ஒண்ணுமில்லப்பா," என்றாள். "ஒண்ணுமே இல்ல."

"அதைத்தான நானும் காலைலேர்ந்து சொல்றேன். உன் அம்மாவுக்குப் போன் போடு. நான் நல்லா இருக்கேன்னு சொல்லு. இல்லன்னா அவ பயந்துடுவா."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் வழியாக உள்ளே ஒதுங்கிய ஈ ஒன்று அவர் நெற்றியில் உட்கார்ந்தது. புருவத்தைத் தாண்டியது. திறந்திருந்த இடது கண்ணின் ஓரத்தில் நின்றது. பிறகு வெள்ளையைக் கடந்து, நிதானமாக, கருவிழியின் நடுவில் போய் நின்று முன்கால்களைத் தேய்த்துக்கொண்டது.

இமை மூடவில்லை.

"போடும்மா," என்றார் அப்பா.