நடு நிறுத்தம்

பேருந்து அல்டாவை ஆற்றங்கரை மேட்டில் இறக்கிவிட்டுப் போனபோது மத்தியானம் கடந்திருந்தது. மூடுபனி மட்டும் விலகுவேனா என்றிருந்தது. ஸ்கெல்டே ஆறு எங்கே முடிகிறது, சேற்று வயல் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. அல்டாவின் ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் பாட்டுப் புத்தகங்கள் திணித்த பை. கென்ட் நகரத்தில் பெண்கள் பள்ளிப் பாட்டு வாத்தியாராக இருப்பவளுக்குத் துணிமணியைவிடப் புத்தகம்தான் கனம்.

கன்னியர் மடத்துக் கதவைத் திறந்தது, அங்கே கன்னியாக இருக்கும் அவளுடைய அக்கா கோடலீவ்.

“வாங்க வாத்தியாரம்மா! வழி தெரிஞ்சுதா?”

“கிண்டல் பண்ணாதே அக்கா. பஸ் குலுங்கின குலுக்கல்ல இடுப்பே போச்சு.”

கோடலீவ் சிரித்துக்கொண்டே பெட்டியைப் பிடுங்கி, கல் படிக்கட்டில் விறுவிறுவென்று ஏறினாள். அல்டா பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினாள். இந்த அக்கா சின்ன வயதில் ஒரு வாளித் தண்ணீர் தூக்கினாலே மூச்சிழுப்பு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவர்களுடைய அம்மாவைக் கொண்டுபோனதும் அதே இழுப்புதான். ஈரம் ஊறிப்போன இந்தச் செங்கல் மடத்தில் அக்கா ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவாளா என்று அல்டா அழுத அழுகை கொஞ்சமல்ல. பாட்டு சொல்லிக்கொடுக்க வந்ததாக ஊரில் சொல்லிவிட்டு வந்திருந்தாலும், அவள் முதலில் பார்க்க வந்தது அக்காவின் நெஞ்சைத்தான்.

“என்னக்கா, மூச்சு வாங்கலையா உனக்கு?”

“இங்க வந்ததிலேர்ந்து இழுப்பே இல்லடி. ஏன்னு கேக்காதே. சாமி குடுத்தாரு, வாங்கி வச்சுக்கிட்டேன்.”

அல்டாவுக்குப் பாதி பாரம் இறங்கியது.

நாளை மறுநாள், சகல புனிதர் திருநாளன்று, மடத்தின் மாலை ஜெபத்தை பிரஸ்ஸல்ஸ் வானொலி நேரடியாக ஒலிபரப்பப் போகிறது. அதற்குக் கன்னியரைத் தயார்செய்ய ஆயரே அல்டாவை அனுப்பியிருந்தார். ஆயிரம் வருடப் பழைய பாட்டு அது. வாத்தியம் கிடையாது, இரண்டாம் குரல் கிடையாது. எதிரெதிர் வரிசையாக நின்று, லத்தீன் சங்கீதங்களை, அதாவது வேதாகமத் துதிப்பாடல்களை, ஒரு வரி இந்தப் பக்கம், மறு வரி அந்தப் பக்கம் என்று ஒரே குரலாகப் பாட வேண்டும். ஒவ்வொரு வரியும் நடுவில் முறியும். அங்கே நிறுத்தி, மூச்சு வாங்கி, மிச்சப் பாதியை எடுக்க வேண்டும். இந்த நடு நிறுத்தம் எவ்வளவு நேரம் என்று பழைய ஏடுகளைக் கரைத்துக் குடித்து அல்டா ஒரு நீண்ட கட்டுரையே எழுதியிருந்தாள். ஒரு மூச்சு நேரம். அவ்வளவுதான்.

அன்று மாலை மடத்துக் கோயிலில் கன்னியர் ஜெபம் பாடுவதை உட்கார்ந்து கேட்டாள். பாடகர் வரிசையில் கருத்த ஓக் மர இருக்கைகள் நீண்டு கிடந்தன. கன்னியரோ ஒரு டஜன்கூடத் தேறவில்லை. அவர்களும் ஒன்றாக நெருங்கி உட்காராமல், நடுவில் ஒன்றும் இரண்டுமாக இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். கோடலீவுக்கு இரண்டு பக்கமும் காலி.

கன்னியர் எழுந்து நின்றார்கள். முதல் வரியின் பாதி ஒலித்தது. சுத்தமான குரல்கள். அல்டாவுக்குச் சிலிர்த்தது.

நிறுத்தம்.

அல்டா பழக்கத்தில் மூச்சை இழுத்து, அடுத்த பாதிக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. மூச்சை விட்டாள். மறுபடி இழுத்தாள். அப்போதும் வரவில்லை. யாராவது மயங்கி விழுந்துவிட்டார்களா என்று நிமிர்ந்து பார்த்தாள். ஒருவரும் அசையவில்லை. எல்லாரும் தலையைச் சற்றுச் சாய்த்து, எதையோ காதில் வாங்குகிறவர்களாக நின்றார்கள்.

அப்போதுதான் அது கேட்டது.

மெல்லிய, அகலமான ஓசை. ஆற்றுக் காற்று பலகை இடுக்கில் நுழைகிறது என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் சுவரோரத்து மெழுகுவர்த்திகள் ஆடாமல் நின்றன. ஓசை அடங்கியது. அதன் பிறகே கன்னியர் மிச்சப் பாதியைப் பாடினார்கள்.

சாப்பாட்டு அறையில் மோர்க்கஞ்சியும் கறுப்பு ரொட்டியும் வைத்தார்கள். மடத்துத் தலைவி மதர் வால்பர்காவிடம் அல்டா நேராகவே கேட்டுவிட்டாள்.

“நடு நிறுத்தம் ஏன் மதர் இவ்வளவு நீளம்?”

“எல்லாரும் மூச்சு வாங்கி முடிச்ச பிறகுதான் எடுக்கணும்னு எங்களுக்குச் சொல்லிக்குடுத்தாங்க. அப்படியே பாடிட்டு வர்றோம்.”

“எல்லாரும் எப்பவோ முடிச்சாச்சே!”

பக்கத்தில் ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்த சிஸ்டர் ஏர்மெலிண்டா, வாய்த்துடுக்குக்குப் பேர்போனவள், தலை தூக்காமல் சொன்னாள்: “முடிச்சாச்சுன்னு நீயா சொன்னா எப்படிம்மா? நீ பார்த்தியா?”

“சிஸ்டர், வானொலியில நமக்குக் குடுத்திருக்கிறது அரைமணி நேரம். இந்த வேகத்துல பாடினா பாதியிலயே அறுத்துடுவாங்க. நாடு பூரா கேட்டுக்கிட்டிருக்கும்.”

“நாடு கேக்கட்டும். யாருக்கு இப்ப அவசரம்?”

ஆனால் ஆயரின் உத்தரவு இருந்தது. கீழ்ப்படிதல் என்று வாக்குக் கொடுத்தவர்கள் எவ்வளவு நேரம் வாதாடுவார்கள்? மதர் சரி என்று தலையசைத்தார். அந்த முகத்தில் மட்டும் சம்மதம் இல்லை.

மறுநாள் காலை ஒத்திகை. வரிசைகளுக்கு நடுவில் நின்று அல்டா கையை உயர்த்தினாள். பாதி வரி. நிறுத்தம். ஒரே மூச்சு. கையை இறக்கினாள். கன்னியர் திடுக்கிட்டு மிச்சப் பாதியைப் பாடினார்கள்.

அந்த ஓசை அப்போதுதான் தொடங்கியிருந்தது. வாயைக் கையால் பொத்திய மாதிரி அது நடுவிலேயே நின்றது.

ஒவ்வொரு வரியிலும் அப்படியே. ஆனால் பாட்டைக் கேட்க வேண்டுமே! நீரோட்டமாகப் போனது. தன் கட்டுரையின் ஒவ்வொரு சொல்லும் உண்மையாகிவிட்ட சந்தோஷத்தில் அல்டாவுக்குக் கண் கலங்கியது. அன்று மாலை ஜெபத்தையும் அப்படியே பாடவைத்தாள்.

ஜெபம் முடிந்து வெளியே வரும்போது மதர் வால்பர்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொரு கன்னி ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க மூன்று இடத்தில் நிறுத்தினாள். ஏர்மெலிண்டாவின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. மூடுபனிதான் நெஞ்சில் இறங்கிவிட்டது என்று அல்டா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அக்காவைத் தேடினாள்.

கோடலீவ் தன் அறையில் படுக்க முடியாமல் கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அந்தச் சத்தம். அல்டா மறந்தே போயிருந்த அந்த இழுப்புச் சத்தம். அம்மாவின் கடைசி வாரத்தில் வீடு முழுக்கக் கேட்ட அதே சத்தம்.

 அல்டா ஓடிப்போய் முதுகைத் தடவினாள்.

“அக்கா! டாக்டரைக் கூப்பிடச் சொல்றேன்.”

“வேண்டாம்டி... அவங்களுக்கு மூச்சு பத்தல.”

“யாருக்கு?”

 கோடலீவ் துண்டு துண்டாகச் சொன்னாள். எந்தக் காலத்திலோ ஒரு கொள்ளைக் காய்ச்சல். மடமே நிறைந்திருந்த காலம். பாட்டை மட்டும் நிறுத்த மாட்டோம் என்று அந்தக் கன்னியர் நின்ற இடத்திலேயே ஒவ்வொருத்தராகச் செத்து விழுந்தார்களாம். பாதி வரி பாடி, மிச்சப் பாதிக்கு மூச்சு கிடைக்காமல்.

“அந்த நிறுத்தத்துலதான் அவங்க இருக்காங்க. அந்த நேரம் மட்டும்தான் அவங்களுக்கு. நான் வந்த முதல் நாளே கேட்டேன். பயமா இல்ல. அவங்களோட சேர்ந்து வாங்குனா என் மூச்சும் நல்லா வந்துச்சு.” அவள் அல்டாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். “இப்ப நீ குடுக்க மாட்டேங்குற. அதான் எங்ககிட்டேர்ந்து எடுக்குறாங்க.”

நம்புவதா வேண்டாமா என்று யோசிக்க அல்டாவுக்குத் தெம்பில்லை. அக்கா மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்துக்கொண்டு எந்தக் கட்டுரையைக் கட்டிக்கொண்டு அழுவது?

“நாளைக்கு முழு நிறுத்தம் தர்றேன்க்கா. வானொலியாவது மண்ணாவது. அம்மா மேல சத்தியம்.”

அடுத்த நாள் காலை ஜெபங்களெல்லாம் பழையபடியே நடந்தன. மத்தியானத்துக்குள் மதருக்கு முகம் தெளிந்தது. ஏர்மெலிண்டா சூப்பில் உப்பில்லை என்று சமையற்காரியோடு சண்டைக்குப் போனாள். கோடலீவ் எழுந்து நடமாடினாள். இழுப்பு முழுக்க விடவில்லை, ஆனால் சிரித்தாள். “பார்த்தியா வாத்தியாரம்மா, பிழைச்சுக்கிட்டேன்.”

சாயங்காலம் வானொலிக்காரர் ஃபான் ஹூலே கோயிலின் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒலிவாங்கிகளை நிறுத்தி, கையில் கடிகாரத்தோடு நின்றார். சிவப்பு விளக்கு எரிந்தது. அல்டா கையை உயர்த்தினாள்.

பாதி வரி.

நிறுத்தம்.

கையை இறக்காமல் காத்தாள். ஓசை வந்தது. இப்போது அது காற்றென்று சொல்லிக்கொள்ள அவளால் முடியவில்லை. ஒவ்வொரு காலி இருக்கையிலிருந்தும் தனித்தனியாக வந்தது. சில மூச்சுகள் ஈரமாக, சில மூச்சுகள் வறட்சியாக. பழைய கம்பளித் துணியும் காய்ச்சல் வியர்வையும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. கடைசி மூச்சு அடங்கிய பிறகு கையை இறக்கினாள். எதிரே அக்காவின் கன்னத்தில் ரத்தம் ஏறுவதைக் கண்ணால் பார்த்தாள். அந்த நிம்மதியில் பயம்கூடக் குறைந்தது.

சங்கீதம் சங்கீதமாகப் போனது. தடுப்புக்கு அப்பால் ஃபான் ஹூலே கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பிறகு இரண்டு விரலைக் கத்தரி மாதிரி வெட்டிக் காட்டினார். அவர் நெற்றியில் வியர்வை.

அல்டா பார்க்காத மாதிரி இருந்தாள்.

கடைசிச் சங்கீதமும் முடிந்தது. மிச்சம் இருந்தது திரித்துவத் தோத்திரம் மட்டும். அதற்கு எல்லாரும் இடுப்பு வரை குனிய வேண்டும், மிச்சப் பாதிக்கு நிமிர வேண்டும். ஒரே ஒரு வரி. ஒரே ஒரு நிறுத்தம். ஃபான் ஹூலே கையெடுத்துக் கும்பிடாத குறை. இந்த இடத்தில் அறுந்தால் தோத்திரம் பாதியில் நிற்கும். கென்டில் பேராசிரியர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அக்காவைப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தாள்.

ஒன்றே ஒன்றுதானே.

கன்னியர் குனிந்து முதல் பாதியைப் பாடினார்கள். அவர்களோடு சேர்ந்து காலி இருக்கைகள் ஒவ்வொன்றும் கிறீச்சிட்டன.

நிறுத்தம்.

ஓசை தொடங்கியது.

அல்டா கையை இறக்கினாள்.

எல்லாரும் நிமிர்ந்து பாடினார்கள்.

கோடலீவ் நிமிரவில்லை.

குனிந்தபடியே நின்றாள். முன்பலகையில் ஊன்றிய கைகள் அப்படியே இருந்தன. பாட்டு முடிந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது. ஃபான் ஹூலே, “அற்புதம்! நொடி பிசகல!” என்று கூவினார். அல்டா ஓடிப்போய் அக்காவின் தோளைத் தொட்டாள். உடம்பு சாய்ந்து அவள் கைகளில் விழுந்தது. வாய் திறந்திருந்தது. மூச்சை இழுக்கப்போன வாய்.

“நான்தான் கொன்னேன் மதர்,” என்று அல்டா தரையில் தலையை முட்டிக்கொண்டாள். “சத்தியம் பண்ணிட்டுக் கொன்னுட்டேன். பாவி நான்.”

மதர் வால்பர்கா அவளை அணைத்துக்கொண்டார். 

அடக்கம் முடிந்த அன்று ஏர்மெலிண்டா அல்டாவின் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவு வரை வந்தாள். துடுக்கெல்லாம் போயிருந்தது. “அவ இடத்துல இனிமே யாரையும் உக்கார வைக்க மாட்டோம்,” என்றாள். “அது இங்க வழக்கம். சாயங்கால ஜெபத்துக்கு இருந்துட்டுப் போயேன். கேக்கலாம்.”

எதைக் கேட்கலாம் என்று அவள் சொல்லவில்லை. அல்டா காதைப் பொத்திக்கொண்டு பேருந்து நிற்கும் மேட்டுக்கு ஓடினாள்.

குளிர்காலம் முழுக்க அவள் பள்ளியில் லத்தீன் சங்கீதங்களைச் சொல்லிக்கொடுக்கவில்லை. நாட்டுப்பாடல், அறுவடைப் பாட்டு என்று ஓட்டினாள். தவக்காலம் வந்ததும், சங்கீதம் பாடியே ஆக வேண்டும் என்று தலைமை ஆசிரியை விடவில்லை. ஒருநாள் காலை, ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது, பிள்ளைகளை இரண்டு வரிசையாக நிறுத்தி அல்டா கையை உயர்த்தினாள்.

பாதி வரி பாடினார்கள்.

நிறுத்தம்.

சீக்கிரம் இறக்கிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். கை இறங்கவில்லை. அவளுடைய இடது தோளுக்குப் பக்கத்தில், காதை ஒட்டி, ஒருத்தி மூச்சை இழுக்கத் தொடங்கியிருந்தாள். திணறித் திணறி, கொஞ்சம் கொஞ்சமாக.

பின் வரிசையில் பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பும் நின்றது. வகுப்பு அசையாமல் போனது.

முன் வரிசைச் சிறுமி ஒருத்தி, அல்டாவைப் பார்க்காமல் அவளுக்குப் பக்கத்தில் பார்த்தபடி, கிசுகிசுத்தாள்.

“டீச்சர், அவங்களுக்கு உடம்பு சரியில்லையா?”

“ஷ்ஷ்,” என்றாள் அல்டா. கண்ணீர் வழிந்து மோவாயில் சொட்டியது. உயர்த்திய கை வலித்தது. “யாரும் எடுக்காதீங்க. அக்கா இன்னும் முடிக்கல.”