பஞ்சு அடைத்த பாட்டில்

திங்கட்கிழமை, காலை ஒன்பதரை மணி.

பீரோவைத் திறந்து, துணிப்பையின் முடிச்சை அவிழ்த்து, மாத்திரைப் பாட்டில்களை மேசைமேல் வரிசையாக வைத்தாள் செபாஸ்தியம்மாள். ஒன்று குறைந்தது. மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். பூப்பறிக்கிற சின்னக்கண்ணுவின் பாட்டில் இல்லை.

திண்டுக்கல் நாகல்நகரில் ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது சங்கம். எச்ஐவியோடு வாழும் பெண்கள் தாங்களே சேர்ந்து நடத்துவது. முன்பெல்லாம் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய பூப்பறிக்கிற கூலி போய்விடும். கூலியை விட மனமில்லாமல் மாத்திரையை விட்டவர்களில் இரண்டு பேரைச் சங்கம் அடக்கம் செய்திருக்கிறது. அதன் பிறகுதான், நடையாய் நடந்து, மாத்திரைகளை மொத்தமாக வாங்கிவந்து இங்கேயே கொடுக்க அனுமதி பெற்றார்கள். இன்றுவரை ஒரு மாத்திரைகூடத் தவறியதில்லை. செபாஸ்தியம்மாள் தன் வாழ்க்கையில் வெளியே சொல்லிப் பெருமைப்பட்ட விஷயம் அது ஒன்றுதான்.

இன்று பன்னிரண்டு மணிக்கு மேற்பார்வை அலுவலர் இருதயநாதன் வருகிறார். இருப்பைச் சரிபார்த்து, அகரத்திலும் கீரனூரிலும் இதேபோல் கொடுக்கலாமா என்று முடிவு செய்வார். கணக்கு உதைத்தால் இருக்கிற அனுமதியும் போகும்.

பீரோவின் பூட்டு உடைபடவில்லை. சாவி வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அது அங்கே இருப்பது எல்லாருக்கும் தெரியும்.

சனிக்கிழமை மாலை மாத்திரைகளை ஆட்டோவில் கொண்டுவந்தவன் கண்ணன். செபாஸ்தியம்மாளும் ஆலோசகர் அறிவுச்செல்வியும் ஒவ்வொரு பாட்டிலிலும் பெயர்ச்சீட்டு ஒட்டிப் பையில் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை லாரி ஸ்டாண்டில் இலவசப் பரிசோதனை முகாம். செபாஸ்தியம்மாள் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாள். முகாம் முடிந்து சாமான்களை இறக்க வந்தவர்கள் மூன்று பேர்: கண்ணன், அறிவுச்செல்வி, சங்கத்தில் சமைக்கிற பொன்னழகு. நாலாவது ஆள் மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர் ஆண்டிச்சாமி. தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் சங்கத்துக்குள் இருந்ததால் தினமும் இறங்கி வருவார்.

பத்து மணிக்குள் நான்கு பேரும் வந்துவிட்டார்கள்.

செபாஸ்தியம்மாள் சும்மா நிற்கவில்லை. பீரோவின் கதவு, தரை, அலமாரி எல்லாவற்றையும் பார்த்தாள். கதவின் உட்புறத்தில் சின்னக்கண்ணுவின் பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தது. கிழியாமல், கோணாமல், வெளியே தெரியாத இடத்தில். முதலுதவிப் பெட்டி திறந்து கிடந்தது. பஞ்சுச் சுருளிலிருந்து ஒரு பிடி பிய்த்து எடுக்கப்பட்டிருந்தது.

"பஞ்சை எடுத்தானா?" ஆண்டிச்சாமி எட்டிப் பார்த்தார். "கையைக் கிழிச்சுக்கிட்டான் போல. இந்தா நிக்கிறானே, விரல்ல கட்டோட."

கண்ணனின் ஆள்காட்டி விரலில் பழைய வேட்டித் துணி சுற்றியிருந்தது.

"ஓனரே, வாயை அளந்து பேசுங்க. இது நேத்து முகாம்ல பேனர் ஸ்டாண்ட் போடையில நசுங்குனது. எட்டு வருசமா அஞ்சு பைசா வாங்காம ஏத்திக்கிட்டு வாரேன். நான் திருடனா?"

"இந்த வீட்டுப் பேரு பேப்பர்ல வந்துச்சுன்னா அம்புட்டுப் பேரும் காலி பண்ணணும். ஆமா, சொல்லிப்புட்டேன்."

"மோட்டாரைப் போட்டீகளா?" என்றாள் செபாஸ்தியம்மாள்.

"போட்டாச்சு."

"அப்ப மாடிக்குப் போங்க. கூப்பிடுறேன்."

சங்கத்தில் 'அக்கா' என்பது வயதால் வருவதில்லை. நோய் இருப்பது யாருக்கு முதலில் தெரிந்ததோ அவள்தான் அக்கா. செபாஸ்தியம்மாளுக்கு இருபத்தொரு வருடம் ஆகிறது. அதனால் அவளைவிட மூத்த பொன்னழகும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். மத்தியானச் சாப்பாட்டில் முதல் தட்டும் அவளுக்குத்தான். வெளியாட்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். வீட்டில் முதல் தட்டை என்றோ இழந்துவிட்டவர்களுக்கு விசித்திரமாக இல்லை.

இந்த வரிசையில் சேராதவள் அறிவுச்செல்வி மட்டும்தான். சமூகப்பணி படித்தவள், இருபத்துநாலு வயது, வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. எல்லாருக்கும் அவள் 'பாப்பா'. புதிதாக வருகிறவர்களை உட்காரவைத்துப் பொறுமையாகப் பேசுவாள். பஸ்ஸில் போகும்போது பாட்டில் குலுங்கிச் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்காமல் இருக்க, உள்ளே எப்படிப் பஞ்சு அடைப்பது என்று செய்து காட்டுவதும் அவள்தான்.

கவுன்சிலிங் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு செபாஸ்தியம்மாள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

"பொன்னழகு. பஞ்சு எதுக்கு?"

பொன்னழகு முந்தானையை இறுக்கிச் சொருகினாள். "அக்கா, சுத்தி வளைக்காதீக. அது எதுக்குன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாத்திரை சாப்பிடுற எவளோதான் எடுத்திருக்கா. நேத்து இங்கிட்டு வந்ததுல மாத்திரை சாப்பிடுறவ நான் ஒருத்திதான். அதானே?"

"உன் பாட்டில் இருக்கா?"

"இந்தா." இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். பாதிக்குமேல் மாத்திரை இருந்தது. "எனக்கு வேணும்னா உங்ககிட்ட வாயால கேக்க மாட்டேனா? போன மழைக்கு என்னோடது நனைஞ்சப்ப உங்க பங்கைத்தானே பிரிச்சுக் குடுத்தீக."

அந்தச் சொல் செபாஸ்தியம்மாளுக்குள் எங்கோ போய்த் தைத்தது. கேட்க முடிகிறவள் இங்கே திருடவேண்டியதில்லை.

அடுத்து கண்ணன். விரல் கட்டை அவிழ்த்தே காட்டினான். துணிதான், பஞ்சு இல்லை. "மாத்திரையை வச்சு நான் என்னம்மா பண்ணப்போறேன்?" என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

பிறகு அறிவுச்செல்வி. பழனிப் பக்கத்துப் பெண். உட்காரும்போதே கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"பஞ்சு எதுக்கு எடுத்திருப்பாக?"

"காயத்துக்காத்தான் இருக்குமுங்கக்கா." உடனே சேர்த்துக்கொண்டாள்: "ஆனா கண்ணண்ணன் இல்லீங்க. அவரு எடுக்கலீங்க. நெசமா."

"நேத்து எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போன?"

"சாமான் எறக்கிட்டுச் செத்த நேரம் இருந்தேனுங்க. பூட்டிட்டுப் போயிட்டேன்."

"சரி. போய் வேலையப் பாரு."

அவள் போனதும் செபாஸ்தியம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தாள். யாரைச் சந்தேகப்பட்டாலும் தன் உடம்பின் ஒரு பகுதியைச் சந்தேகப்படுவது போலிருந்தது. இருபத்தொரு வருடமாக ஊரின் கண்கள் தன்னைத் துருவிய மாதிரி, இப்போது தானே துருவுகிறோம். ஆனால் துருவாவிட்டால் அகரத்துப் பெண்கள் இன்னும் பல வருடம் வரிசையில்தான் நிற்பார்கள்.

பெயர்ச்சீட்டை எடுத்துப் பார்த்தாள். சங்கத்தைக் கெடுக்க நினைக்கிறவனுக்குப் பெயர்தான் முதலில் வேண்டும். இந்தக் கையோ பெயரைப் பத்திரமாக மறைத்துவிட்டு மாத்திரையை மட்டும் எடுத்திருக்கிறது. ஆண்டிச்சாமி அல்ல.

இன்னொன்றும் உறுத்தியது. சின்னக்கண்ணுவின் பாட்டில் பையின் அடியில் இருந்தது. மேலே கிடந்த பாட்டில்களை எல்லாம் வெளியே வைத்து, அடியில் இருந்ததை எடுத்து, மறுபடி அடுக்கி முடிச்சும் போட்டிருக்கிறார்கள். ஏன் அந்த ஒன்று?

போனை எடுத்தாள்.

"சின்னக்கண்ணு, இன்னிக்கு ராத்திரிக்கு மாத்திரை இருக்கா உனக்கு?"

"இருக்குக்கா, நெறையா." மல்லிகைத் தோட்டத்தில் நின்று பேசினாள். பின்னால் மற்ற பெண்களின் சிரிப்பு கேட்டது. "மதுரையில ஆபரேசனுக்குப் படுத்திருந்தேன்ல? அங்க குடுத்ததைத்தானே சாப்பிட்டேன். வீட்டுல இருந்தது அப்படியே கெடக்கு. இந்த மாசத்துது இப்ப வேண்டாம்னு வெள்ளிக்கிழமை வந்தப்பவே சொல்லிட்டேனே. ஏங்க்கா?"

"ஒண்ணுமில்ல. நீ பூவை எடு."

போனை வைத்தாள். வெள்ளிக்கிழமை சின்னக்கண்ணு இந்த அறைக்குள் யாரோடு உட்கார்ந்திருந்தாள் என்பது அவளுக்குத் தெரியும்.

பதினொரு மணி. அறிவுச்செல்வியை மறுபடி கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"பாப்பா, இப்ப நான் கேக்கல. சொல்றேன். நீ கேட்டுக்க. எடுத்த ஆளு, யாருக்கும் நஷ்டம் வராத பாட்டிலாத் தேடி எடுத்திருக்கு. சின்னக்கண்ணுகிட்ட மிச்சம் இருக்குறது அவளுக்கு ஆலோசனை சொன்ன ஆளுக்கு மட்டுந்தான் தெரியும். பேரை மறைச்சு வச்சிருக்கு. அது படிச்ச பழக்கம். அப்புறம் பஞ்சு. இங்க வாரவளுக்கெல்லாம் பஞ்சு அடைக்கச் சொல்லிக் குடுக்குறவ நீ. நான் தனியாக் கேட்டப்ப, காயத்துக்குன்னு சொன்ன. அதுவரைக்கும் எனக்கு உன் மேல எண்ணமே இல்ல."

அறிவுச்செல்வி கைப்பையைத் திறந்து பாட்டிலை எடுத்து வைத்தாள். சத்தமே வரவில்லை. உள்ளே பஞ்சு. மூடியின் சீல் பிரிந்திருந்தது. ஒரு மாத்திரை குறைந்திருந்தது.

"பொறந்ததுல இருந்தே இருக்குதுங்கக்கா. அம்மாகிட்ட இருந்து வந்தது. சின்னதுல இருந்து கோயம்புத்தூர்லதான் மாத்திரை வாங்கறேன். போன வாரமே போயிருக்கணும். முகாம், ஆபீசர் வர்றாருன்னு தள்ளிப் போட்டேன். வெள்ளிக்கிழமையோட தீந்துபோச்சு. சனிக்கிழமை ராத்திரி சாப்பிடலீங்க. நேத்தும் விட்டா என்ன ஆகுமோன்னு பயம் வந்திருச்சு."

"என்கிட்ட இருக்குறது அதே மாத்திரைதானே. கேட்டிருந்தா?"

"கேக்க முடியலீங்க." நிமிர்ந்தாள். "வெக்கப்படாதீங்கன்னு தினமும் எல்லாருக்கும் சொல்றேன். ஆனா இங்க வந்தப்புறம் நோயில்லாதவளா என்னைப் பாத்தாங்க. வாழ்க்கையில மொத தடவையா. அது எனக்குப் பிடிச்சிருந்துச்சுங்கக்கா."

செபாஸ்தியம்மாள் பாட்டிலைக் கையில் எடுத்தாள். நேற்றுக் கல்யாண வீட்டில், நோய் விஷயம் தெரியாத ஒருத்தி செபாஸ்தியம்மாளின் தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்துக் கடித்தபோது எழுந்த சந்தோஷம் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

"எனக்கும் பிடிக்கும்" என்றாள்.

வெளியே வந்து சொன்னாள்: "பாட்டில் கிடைச்சிருச்சு. யாருன்னு கேக்காதீக. இந்த ரூமுக்குள்ள பேசுனது வெளிய போகாது. அது நாம போட்ட சட்டம்."

பொன்னழகு ஒன்றும் கேட்கவில்லை. கண்ணனும் கேட்கவில்லை. தன் மேல் விழுந்த பழி துடைக்கப்படாமல் நிற்கிறது என்று தெரிந்தும் கேட்கவில்லை. செபாஸ்தியம்மாள் பெயர்ச்சீட்டை மறுபடி ஒட்டி, பாட்டிலை மற்றவற்றோடு மேசைமேல் வைத்தாள்.

பன்னிரண்டு மணிக்கு இருதயநாதன் வந்தார். பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். ஒன்றைக் குலுக்கினார். சத்தம் வரவில்லை. மூடியைத் திறந்தார்.

"இது பிரிச்சிருக்கே?"

"பொறுப்பு என்னோடது சார்" என்றாள் செபாஸ்தியம்மாள்.

"பொறுப்பு சரிம்மா. யாருக்குப் போச்சு, எதுக்குப் போச்சு? அது தெரியாம நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது? அகரத்துக்கும் கீரனூருக்கும் எப்படிச் சிபாரிசு பண்றது?"

"அதைச் சொல்ல மாட்டேன் சார்."

"அப்ப என்னாலயும் முடியாது." பேனாவை மூடினார்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அறிவுச்செல்வி எழுந்து நின்றாள். முதலில் கண்ணனைத்தான் பார்த்தாள்.

"கண்ணண்ணா, மன்னிச்சுக்குங்க. காயத்துக்குன்னு நானும் சொல்லிப்போட்டேன். அது உங்க மேலதான் வரும்னு தெரிஞ்சே சொன்னேன்." பிறகு தன் சிகிச்சைப் புத்தகத்தை இருதயநாதனின் முன்னால் வைத்தாள். "எனக்குத்தான் சார் போச்சு. நானும் மாத்திரை சாப்பிடறவதான். தீந்துபோச்சுன்னு கேக்காம எடுத்துட்டேன்."

இருதயநாதன் புத்தகத்தைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றினார். "வேற ஊர்ல வாங்குறவங்களுக்குத் தீந்துபோனா, புத்தகத்தைக் காட்டினா இங்கயே குடுக்கலாம்மா. உனக்கே தெரியும். எடுத்தது தப்புதான். அதை எழுதத்தான் செய்வேன். நீ வந்து சொன்னதையும் எழுதுவேன்."

எழுதினார். கையெழுத்துப் போட்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார். "அகரத்துல என்னிக்கு ஆரம்பிக்கிறீங்க?"

அவர் போன பிறகும் அறிவுச்செல்வி சுவரோரமாக நின்றாள். புதிதாக யார் வந்தாலும் அங்கே கேட்கிற ஒரே கேள்வியைப் பொன்னழகு கேட்டாள்.

"எத்தனை வருசம்?"

"பொறந்ததுல இருந்துங்க. இருபத்துநாலு."

பொன்னழகு விரல் விட்டு எண்ணுவதுபோல் பாவனை செய்தாள். செபாஸ்தியம்மாளின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு இருபத்தொண்ணுதானே? போச்சு. பதவி போச்சு."

கண்ணன்தான் முதலில் சிரித்தான். விரல் கட்டோடு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. பொன்னழகு முதல் தட்டில் சோற்றைப் போட்டு, கத்தரிக்காய் வெஞ்சனத்தை ஓரமாக வைத்து, வழக்கம்போலச் செபாஸ்தியம்மாளிடம் நீட்டினாள். செபாஸ்தியம்மாள் அதை வாங்கினாள். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சுவரோரம் நின்றவளிடம் போனாள்.

"சாப்பிடுங்கக்கா" என்றாள்.